பெரியவர் சட்டையின் பின்னற் கணக்கைக் குழந்தைக்கு மாற்றுதல்

வலையின் கண் அளவு மாறினால் அதில் அகப்படும் மீனும் மாறும் என்பதைக் கிள்ளை மீனவர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஊசியால் சட்டை பின்னுவதிலும் கண்ணிக் கணக்கே முதன்மையானது.

பெரியவர் சட்டைக் கணக்கைப் பாதியாக்கினால் குழந்தைச் சட்டை அமைந்துவிடுமென்று பலர் எண்ணுகின்றனர். அது பிசகு. மார்பளவு 36 அங்குலம், தளர்ச்சி 4, அங்குலத்துக்கு 5 கண்ணி எனில், முன்பாகத்துக்கு 100 கண்ணி ஆகும். அதன் பாதியான 50 கண்ணியில் முன்னும் பின்னும் சேர்ந்து 20 அங்குலமே தேறும். 22 அங்குல மார்புள்ள குழந்தைக்கு அது ஏறாது. நூலும் உழைப்பும் வீண்.

ஆதலின் வாங்கிய நூலிலேயே 4 அங்குலச் சதுரத் துண்டொன்று பின்னி, துவைத்து உலர்த்திய பின்னரே கண்ணிகளை எண்ணுக. பருத்தி நூல் நனைந்தால் அளவு மாறும். அங்குலத்துக்கு அதே 5 என வந்தால், 22 அங்குலத்தோடு தளர்ச்சி 2 சேர்த்து, அதன் பாதியான 12 அங்குலத்துக்கு 60 கண்ணி. பூவேலை 8 கண்ணிக்கு ஒருமுறை திரும்புவதாயின் 60 ஒவ்வாது, 64 கொள்க. ஓரம் தைக்க இரண்டு கூட்டலாம்.

கழுத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுவர். உடலை நோக்கக் குழந்தையின் தலை பெரிது. பருத்தியோ கம்பளிபோல் நெகிழ்ந்து கொடாது. ஒரு தோளைத் தைக்காமல் விட்டுப் பொத்தான் வைத்தல் நலம். குழந்தை அகலத்தினும் உயரத்தில் விரைந்து வளருமாதலின், கைப்பகுதியைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னினால், அடுத்த ஆண்டு முனையைப் பிரித்து நீட்டிக்கொள்ளலாம். அதற்கென அதே நூலில் ஒரு கண்டு எடுத்து வைத்திருத்தல் வேண்டும்.