பேசினால் தீரும், பேசாவிட்டால் பெருகும்

(குடும்ப நலப் பாடம்: கணவன் மனைவி கலந்து பேசுதல்)



வியாழக்கிழமை புளியறைக்கு வந்து பார்த்தால் தட்சிணாமூர்த்தி சந்நிதியில் கூட்டம் இருக்கும். செங்கோட்டை, தென்காசிப் பக்கமிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். தட்சிணாமூர்த்தி பேசாமலே போதித்த குரு என்பது ஐதீகம். ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்த முனிவர்கள் நால்வருக்கும் அவர் மௌனத்திலேயே சந்தேகம் தீர்ந்தது என்பார்கள்.

அந்த மௌனம் சந்தேகத்தைத் தீர்த்தது. நம் வீட்டு மௌனம் சந்தேகத்தை வளர்க்கிறது. அடுத்த பிள்ளை எப்போது, வேண்டுமா வேண்டாமா, உடம்பு தாங்குமா என்று கேட்காமலே வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்துகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! "சொல்லாமலே தெரியாதா?" என்பார்கள். தெரியாது. நாம் முனிவர்கள் அல்ல, குடும்பஸ்தர்கள். வாயைத் திறந்து சொன்னால்தான் அடுத்தவர் மனசு நமக்குத் தெரியும். இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

நான் பார்த்த ஒரு சம்பவம்

சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. எல்லைப் பக்கத்து ஒரு ஊர். ஊரும் பேரும் வேண்டாம். புருஷன் மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பிவிடுவார். பெரிய பிள்ளைக்கு மூன்று வயது, சின்னப் பிள்ளைக்கு ஒன்பது மாசம். "பால் கொடுக்கிற வரைக்கும் நாள் தங்காது" என்று யாரோ சொன்னதை நம்பி அந்தப் பெண் இருந்துவிட்டாள். நாள் தள்ளிப் போயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை. வேறு ஆள் மூலம் மாத்திரை வாங்கி, டாக்டரைப் பார்க்காமலே சாப்பிட்டுவிட்டாள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு நாள் அதையும் மறைத்தாள். மூன்றாம் நாள் காலையில் முற்றம் தெளிக்க வந்தவள் மயங்கி விழுந்தாள். மாமியார்தான் சேலையைப் பார்த்துவிட்டு 108-க்குச் சொல்லச் செய்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6 கிராம்தான் இருந்தது. ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தாள்.

நான் பார்க்கப் போனபோது படுக்கையில் இருந்தவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு ரெண்டு போதும்னுதான் நெனப்பு. அவுகளுக்கு இன்னும் ஒண்ணு வேணும்னு ஆசை. காப்பர் டி வச்சுக்கிடட்டுமான்னு கேட்டா கோவப்படுவாகளோன்னு கேக்கல." வராந்தாவில் நின்ற புருஷன் சொன்னது: "எனக்கு ரெண்டே பெருசு சார். சம்பளம் எங்க கூடுது? அவளுக்குத்தான் இன்னும் ஒண்ணு வேணுமோன்னு நெனச்சேன். நாம வேண்டாம்னு சொன்னா மனசு சங்கடப்படுவாளேன்னு விட்டுட்டேன்."

இரண்டு பேர் மனசிலும் ஒரே எண்ணம். ஒருவருக்கொருவர் பயந்து, ஒருவர் மேல் ஒருவர் பிரியத்தினாலேயே, பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு உயிரை விலையாகக் கொடுத்திருப்பார்கள்.

என் தவறையும் சொல்லவேண்டும். அதற்கு ஆறு மாசத்துக்கு முன் அதே தெருவில் நான் படம் வைத்துப் பேசியிருந்தேன். அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் பேசிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது" என்றார்கள். உங்களுக்கு என்ன சந்தேகம், என்ன பயம் என்று ஒரு ஆளைக்கூட நான் கேட்கவில்லை. தலையாட்டினதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நம் ஊரில் மட்டுமா?

இல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த போர்ட்டோ ரிக்கோ தீவில் 1950-களில் ஹில், ஸ்டைகோஸ், பேக் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் குடும்பம் குடும்பமாக விசாரித்தார்கள். 1959-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். அங்கே கருத்தடை வசதிகள் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் பல பேர் உபயோகிக்கவில்லை. தொடங்கினவர்களும் பாதியில் விட்டார்கள். காரணம் தேடிப் பார்த்தபோது, கணவனும் மனைவியும் இந்த விஷயத்தைப் பேசிக்கொள்வதே இல்லை என்று தெரிந்தது. ஆண்பிள்ளை நிறையப் பிள்ளைகளைத்தான் விரும்புவான் என்று மனைவிமார்கள் நினைத்துக்கொண்டார்கள். புருஷன்மார்களைத் தனியாகக் கேட்டால் அவர்களுக்கும் சின்னக் குடும்பமே பிரியம். கடல் கடந்த தீவின் கதையும் மேலே சொன்ன வராந்தாக் கதையும் ஒன்றுதான்.

சர்க்காரும் கற்ற பாடம்

வீட்டுக்குள் மட்டும் அல்ல, வெளியிலும் பேசாமல், கேட்காமல் செய்த காரியம் நிலைக்கவில்லை. நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1952-ல் தொடங்கியது. 1971 ஜூலையில் பக்கத்துக் கேரளத்தில் எர்ணாகுளத்தில் நடந்த பெரிய முகாமில் ஒரே மாசத்தில் 63 ஆயிரத்துக்கு மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. அதில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஊக்கத் தொகையும் பரிசுப் பொருளும் கொடுத்தார்கள். பிறகு நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ல், நாடு முழுவதும் 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. பல இடங்களில், முக்கியமாக வட மாநிலங்களில், சம்மதம் கேட்காமல் கட்டாயப்படுத்தினார்கள். ஜனங்கள் பயந்தார்கள், கோபப்பட்டார்கள். 1977-ல் திட்டத்தின் பெயரே "குடும்ப நலம்" என்று மாறியது. 1996-ல் ஆள் கணக்கு இலக்கு வைக்கும் முறையும் கைவிடப்பட்டது.

அந்தப் பயம் லேசில் போகவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 100-க்குச் சுமார் 38 பேர் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது என்று பார்த்தால் 1000-க்கு 3 பேர்தான். பாரம் முழுவதும் பெண் தலையில். அந்த ஆபரேஷன் யாருக்கு நல்லது, யாருக்குச் சுலபம் என்று எத்தனை வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள்?

எதைப் பேசவேண்டும்?

1. எத்தனை பிள்ளை, எப்போது. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருஷம் இடைவெளி விடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாயின் ரத்தம் ஊற அந்தக் காலம் வேண்டும்.

2. தாய்ப்பால் பற்றிய நம்பிக்கை. பால் கொடுப்பது கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது உண்மைதான். ஆனால் மூன்றும் சேர்ந்து இருந்தால்தான்: பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டும், மாதவிலக்குத் திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் நம்ப முடியாது.

3. எந்த முறை ஒத்துவரும். காப்பர் டி (5 வருஷம், 10 வருஷம் என இரண்டு வகை), மூன்று மாசத்துக்கு ஒரு தரம் போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, தினசரி மாத்திரை, ஆணுறை எல்லாம் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். ஊசி போட்டால் மாதவிலக்கு முன்பின்னாக வரலாம், நின்றும் போகலாம். இதை முன்னமே இருவரும் தெரிந்துகொண்டால் பயந்து பாதியில் விடமாட்டார்கள்.

4. ஆண்களுக்கான ஆபரேஷன். தழும்பில்லாத முறையில் கத்தி வைக்காமல் சில நிமிஷத்தில் முடியும். உடல் பலமும் தாம்பத்திய சுகமும் குறையாது. ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்தால் போதும். ஆனால் உடனே பலன் தராது. மூன்று மாசம் ஆணுறை உபயோகித்து, விந்துப் பரிசோதனை செய்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

5. உடம்பில் வரும் கோளாறுகள். வெள்ளைப்படுதல், உறவின்போது வலி, அதிக ரத்தப்போக்கு இவற்றைப் பெண்கள் சொல்வதில்லை. பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, பிள்ளையிடம் பிடிப்பில்லாமை இருந்தால் அது வைத்தியம் செய்யவேண்டிய நோய். "சும்மா மூஞ்சியைத் தூக்கிட்டு இருக்கா" என்று விட்டுவிடக் கூடாது.

எப்படித் தொடங்குவது?

நேரம் பார்த்துப் பேசுங்கள். வேலையிலிருந்து வந்ததும், பிள்ளை அழும்போதும், மற்றவர்கள் இருக்கும்போதும் வேண்டாம். சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் தூங்கின பிறகு, டி.வி.யையும் செல்போனையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் போதும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், தினம் போனில் "சாப்பிட்டியா, பிள்ளை தூங்கிச்சா" என்பதோடு நிறுத்தாமல் இதையும் பேசலாம்.

"நீங்க இப்படி, நீ அப்படி" என்று தொடங்கினால் சண்டைதான். தன் உடம்பு, தன் பயம், தன் ஆசை இதில் தொடங்க வேண்டும். இப்படி:

மனைவி: என்னங்க, ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசுல கெடக்கு. கேக்கட்டுமா?

கணவன்: கேளு, அதுக்கென்ன.

மனைவி: சின்னவனுக்கு இன்னும் ஒரு வயசு ஆகல. எனக்கு மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்குது. இப்ப இன்னொண்ணு வந்தா தாங்குவேனான்னு பயமா இருக்கு. உங்களுக்கு என்ன நெனப்பு?

கணவன்: எனக்கும் அதே யோசனதான். நீ என்ன சொல்வியோன்னு பேசாம இருந்தேன்.

மனைவி: நர்ஸம்மா புதன்கிழம வருவாக. ரெண்டு பேருமா போய்க் கேப்பமா?

கணவன்: அன்னைக்கு லீவு போட முடியாது. மொதல்ல நீ போய்க் கேட்டுட்டு வா. சனிக்கிழம வந்ததும் ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போவம்.

இதில் முக்கியமான வார்த்தை "உங்களுக்கு என்ன நெனப்பு?" என்பதே. அதைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அந்த நேரத்து மௌனம் நல்ல மௌனம். அது அடுத்தவர் யோசிப்பதற்கு நாம் கொடுக்கும் இடம். ஒரே நாளில் முடிவு வராவிட்டாலும் பரவாயில்லை.

மாமியாருக்கு ஒரு வார்த்தை

அத்தைமார்களே, மேலே சொன்ன சம்பவத்தில் உயிரைக் காப்பாற்றியது மாமியார்தான். மருமகள் முகம் வாடினால் முதலில் தெரிவது உங்களுக்குத்தான். "எங்க காலத்துல நாங்க பெறலையா?" என்ற ஒரு கேள்வியில் அவள் வாய் அடைத்துப்போகும். "உடம்புக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்டுப் பாருங்கள்.

பேச முடியாத வீடுகள்

எல்லா வீட்டிலும் பேச்சு சுலபம் அல்ல. வாயைத் திறந்தால் அடி விழும் என்ற நிலையில் இருக்கும் பெண்ணை "பேசு பேசு" என்று தள்ளக் கூடாது. அவள் கிராம சுகாதார செவிலியரிடம் தனியாகச் சொல்லலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கும் பேசலாம். மனக்கலக்கத்துக்கு 14416 என்ற எண் இருக்கிறது.

சட்டமும் துணை இருக்கிறது. 1971-ம் வருஷக் கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். கணவர் கையெழுத்து வேண்டியதில்லை. சட்டம் சொல்லும் காரணங்களுக்காகத் தகுதியுள்ள டாக்டர் செய்யலாம். அவள் பெயரை வெளியிடக் கூடாது. ஆகவே ரகசியமாக மாத்திரை வாங்கி உயிரைப் பணயம் வைக்கத் தேவையே இல்லை.

நினைவில் வையுங்கள்

• மௌனம் சம்மதம் அல்ல. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
• இரண்டு பிள்ளை என்பதோடு, போதிய இடைவெளி என்பதும் முக்கியம்.
• டாக்டரைப் பார்க்காமல் கருக்கலைப்பு மாத்திரை சாப்பிடாதீர்கள். ரத்தப்போக்கு அதிகமானால் மறைக்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.
• குடும்ப நலம் பெண்ணின் வேலை மட்டும் அல்ல. ஆணுக்கும் பங்கு உண்டு.

மாதர் சங்கத்தில் கலந்து பேச

1. உங்கள் வீட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கையை யார் தீர்மானித்தார்கள்? எப்போது பேசினீர்கள்?
2. ஆண்கள் ஆபரேஷனுக்குத் தயங்குவது ஏன்? அந்தப் பயத்தில் எது உண்மை, எது வதந்தி?
3. செவிலியரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது என்ன?

அந்தத் தம்பதி இப்போது நன்றாக இருக்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர் புருஷன்தான். போன வருஷம் வழியில் பார்த்தபோது அவள் சொன்னாள்: "இப்பல்லாம் சனிக்கிழம வந்தா அவுக வாய் மூடுறதே இல்ல சார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

உங்கள் வீட்டில் அடுத்த சனிக்கிழமை எப்படி?