சிற்றுண்டி: ஒரு சொல்லும் அதன் சுற்றமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியாழ்வார் திருமொழி இரண்டாம் பத்து நான்காம் திருமொழியில், கண்ணனை நீராட அழைக்கிறாள் யசோதைப் பிராட்டி. அதன் ஐந்தாம் பாசுரத்தில் ‘சிற்றுண்டி’ என்னும் சொல் வருகிறது. இன்றும் வழக்கிலுள்ள இச்சொல்லின் பொருளையும், அதற்கு இணையாகவும் எதிராகவும் நிற்கும் சொற்களையும் இங்கு அநுபவிப்போம்.

பதப்பொருள்

சிறுமை + உண்டி என்பது சிற்றுண்டி எனப் புணர்ந்தது. சிற்றில், சிற்றாடை என்பனவும் இவ்வாறு புணர்ந்தவையே. சிற்றில் என்றவுடன் சிறுமியர் மணலில் இழைக்கும் விளையாட்டு வீடு நினைவுக்கு வருகிறதேயன்றி அதன் அளவு நினைவுக்கு வருவதில்லை. ஆகவே ‘சிறு’ என்பது அளவோடு நில்லாமல், பிள்ளைமையையும் அணுக்கத்தையும் காட்டும்.

ஒருபொருட்சொற்கள்

பண்ணியாரம்: பண்ணப்பட்டது, அதாவது பக்குவம் செய்யப்பட்டது. திருக்கோயில்களில் ‘திருப்பணியாரம்’ என்று வழங்கும்.

பலகாரம்: பல + ஆஹாரம் என்ற வடசொல்லின் வழி வந்தது, முதற்பொருள் பழ உணவு. ஏகாதசியன்று முழுப்பட்டினி இருக்க இயலாதவர் அன்னத்தைத் தவிர்த்துக் கொள்ளும் எளிய உணவுக்கும் இது பெயராயிற்று.

இப்பெயர்களுள் அடங்கும் பண்டங்களையும் ஆழ்வார் விட்டாரல்லர். நீராட்டத்தில் அப்பம், இரண்டாம் பத்து ஒன்பதாம் திருமொழியில் ஆய்ச்சி முறையிடுமிடத்தில் இலட்டுவம், சீடை, எள்ளுருண்டை.

இங்கு வினைச்சொல்லையும் நோக்கவேண்டும். சோற்றை உண்கிறோம், நீரைப் பருகுகிறோம், வெற்றிலையைத் தின்கிறோம். நம்மாழ்வாரும் திருவாய்மொழி 6-7-1-இல் இம்மூன்றையும் இம்முறையிலேயே அருளிச்செய்தார். சிற்றுண்டிப் பாசுரத்தில் யசோதை சொல்வது ‘உண்ணல்’ அன்று, ‘தின்னல்’. இலையிட்டு அமர்த்திப் படைப்பதன்று. ஓடும் பிள்ளை கையில் வாங்கிக்கொள்வது.

எதிர்ச்சொற்கள்

ஒருபுறம் நோன்பு. நெய்யும் பாலும் கொள்ளோம் என்று திருப்பாவை இரண்டாம் பாட்டில் ஆய்ச்சியர் உறுதிகொள்கின்றனர்.

மறுபுறம் பெருஞ்சோறு. பெரியாழ்வாரே மூன்றாம் பத்து ஐந்தாம் திருமொழியில் கோவர்த்தனப் படையலைப் பாடுகிறார். அங்கே சோறு மலையாகக் குவிந்தது, தயிர் குளமாயிற்று, நெய் சேறாயிற்று. அத்தனையையும் அமுதுசெய்தவன் கண்ணனே.

தாத்பர்யம்

சோற்று மலையை விழுங்கியவனுக்கு அப்பம் எம்மாத்திரம் என்று தோன்றலாம். யசோதை அவனை அளந்து சமைக்கவில்லை. எண்ணெயும் புளிப்பழமும் கொண்டு நெடும்பொழுது காத்திருக்கிறாள்; அவன் வருவதாக இல்லை. நீராடுமுன் பெருஞ்சோறு காட்டி அழைப்பது பொருந்தாது. கையில் எடுத்துக் காட்டத்தக்க ஒன்றே வேண்டும். கோவர்த்தனப் படையல் அவன் பெருமைக்கு ஏற்றது. சிற்றுண்டி அவன் எளிமைக்கு ஏற்றது. பரத்துவத்தைக் கண்டவர் மலையளவு படைப்பர்; ஸௌலப்யத்தைக் கண்டவள் ஓர் அப்பத்தைக் காட்டி வா என்கிறாள்.

இது நமக்கும் பொருந்தும். திவ்யதேசங்களுக்குத் தொலைவில், விடியுமுன் பணிக்குப் புறப்படும் அடியார் பலர். முறையான தளிகை எல்லா நாளும் இயலாதபோது, சிறிது பாலோ பழமோ கண்டருளப்பண்ணி, ‘இது ஓர் ஆராதனமாகுமோ’ என்று மனம் குன்றுகின்றனர். இலையும் பூவும் கனியும் நீரும் போதும் என்று கீதையில் (9-26) தானே அருளிச்செய்தவன், குசேலர் முடிந்துகொணர்ந்த அவலைத் தானே பிடுங்கி உண்டான். இயன்றநாளில் குறைத்துக்கொள்ள இது இடம் தாராது. அக்காரவடிசில் இயன்றால் அதுவே தகும். இயலாத நாளில், சிறிதாயிற்றே என்று சமர்ப்பிக்காமல் நின்றுவிடலாகாது என்பதே நாம் கொள்ளவேண்டியது.

நாளைக் காலை பெருமாள் திருமுன்பே சிறு வட்டிலை வைக்கும்போது, ஆழ்வார் இட்ட பெயராலேயே அதனைச் சிற்றுண்டி என்போம்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்