டிராக்டர் சக்கரங்களைத் திருப்பிப் பூட்டுதல்

தியாகதுருகம் வட்டாரத்தில் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளைகின்றன. மேற்கே கல்வராயன் மலைச் சரிவுகளில் மரவள்ளி பயிராகிறது. இவையனைத்திற்கும் ஒரே டிராக்டர், வாங்கிய நாளில் இருந்த சக்கர அகலத்திலேயே ஓடுவதை நாம் காண்கிறோம். துணியின் அகலம் மாறும்போது அச்சை மாற்றாமல் நெய்ய நம் நெசவாள அங்கத்தினர் எவரேனும் முற்படுவரோ?

1946-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட பெர்கூசன் டிராக்டரில், பின்சக்கர இடைவெளியை 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை நான்கு நான்கு அங்குலமாக மாற்ற இயன்றது. இன்றும் பல டிராக்டர்களில் முறை இதுவே. ரிம்மின் உட்புறத்துக் காதுகள் நடுவில் இராமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். நடுத்தட்டு குழிந்திருக்கும். ரிம்மைத் திருப்பலாம், தட்டின் குழிவை உள்ளோ வெளியோ நோக்கச் செய்யலாம், தட்டைக் காதின் இப்புறமோ அப்புறமோ பூட்டலாம். ஆக எட்டு நிலைகள். எந்த நிலைக்கு எந்த இடைவெளி என்பதை வண்டியின் கைப்புத்தகத்திலுள்ள படம் காட்டும்.

இடைவெளியை ஒரு டயரின் நடுக்கோட்டிலிருந்து மறு டயரின் நடுக்கோடு வரை அளக்க வேண்டும். ஐந்தடிப் பார்க் கரும்பில் 60 அங்குலம் வைத்தால் ஒரு வரிசை வண்டிக்கடியில் வரும். மூன்றடி வரிசை மரவள்ளியில் இரண்டு வரிசைகளைத் தாண்ட 72 அங்குலம் வேண்டும். அங்கே 60 அங்குலத்தில் ஓட்டினால் ஒவ்வொரு டயரும் ஆறு அங்குலம் உள்ளே விலகிச் செடியின் வேரடி மண்ணை இறுக்கிவிடும். விளைச்சல் குறைந்தபின் உரத்தைக் குறை கூறுவோர் உண்டு!

ரிம்மைத் திருப்பினால் டயரின் பல் திசையும் திரும்பிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே இடப்பக்க ரிம்மை வலப்பக்கத்திற்கும், வலப்பக்கத்ததை இடப்பக்கத்திற்கும் மாற்ற வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் பற்களின் கூர்முனை மேல்நோக்கியிருப்பதே சரி. மாறியிருந்தால் சேறு வெளியேறாமல் டயர் வழுக்கும்.

சரிவில் அகலம் உயிரைக் காக்கவும் கூடும். கனமையம் தரையிலிருந்து 30 அங்குல உயரத்தில் உள்ளதென்று வைத்துக்கொள்வோம். கணக்கின்படி 48 அங்குல இடைவெளியில் சுமார் 39 பாகைச் சரிவிலும், 60 அங்குலத்தில் 45 பாகையிலும் வண்டி பக்கவாட்டில் கவிழும். ஆனால் இக்கணக்கை நம்பி மலையில் ஏறலாகாது. முன் ஆக்சில் நடுவில் ஒரே முளையில் ஆடுவதால் வண்டி இதற்கு வெகு முன்பே சாயும். ஒரு பள்ளமோ திருப்பமோ போதும். ஏற்றத்தில் பின்புறமாகக் கவிழ்வதையோ அகலம் தடுக்காது.

அழகுக்கென்று பட்டறையில் துண்டு வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவதை நாம் ஒப்புவதில்லை. பாரம் பேரிங்கை விட்டு விலக விலக ஆக்சிலை வளைக்கும் திருப்புத்திறன் கூடும்.

வேலையைச் சமதரையிலேயே செய்க. மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியோடு திடமான தாங்கியும் கொடுத்தபின்பே நட்டுகளைக் கழற்றலாம். டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் முதலில் அதை வடித்துவிடுக. எதிரெதிர் நட்டுகளாக இறுக்கி, முதல் சில மணி நேர ஓட்டத்திற்குப் பின் மீண்டும் இறுக்குக. முன்சக்கர இடைவெளியையும் இதற்கேற்ப மாற்றும்போது ஸ்டியரிங் இணைப்புத் தண்டையும் இருபுறமும் ஒரே அளவில் நீட்ட வேண்டும்.