வந்த பொருளும் போன பொருளும்: பஹ்ரைன் வணிகம் கிள்ளானுக்குச் சொல்லும் பாடம்

முன்னுரை

கடல் வணிகம் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகக் காட்சியைப் பட்டினப்பாலை விரிவாகக் காட்டுகிறது. கடலிலிருந்து நிலத்துக்கு வரும் பொருளும் நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும் பொருளும் அங்கே குவிந்து கிடக்கின்றன. சுங்கம் கொள்வோர் அவற்றின்மேல் சோழரின் புலி முத்திரையைப் பொறிக்கின்றனர். அங்கு வந்திறங்கிய பொருள்களுள் காழகத்தின் செல்வமும் ஒன்று. காழகம் என்பது கடாரம், அதாவது இன்றைய நம் கெடா, என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கொண்டார். ஆக, இறக்குமதி, ஏற்றுமதி, சுங்கம் ஆகிய மூன்றும் நம் இலக்கியத்திலேயே உள்ளன.

ஆயினும், ‘ஏற்றுமதி நல்லது, இறக்குமதி கெட்டது’ என்னும் எண்ணமே இன்று பலரிடம் நிலவுகிறது. தொடக்கப்பள்ளியில் ரப்பர், ஈயம், செம்பனை எண்ணெய் என்று ஏற்றுமதிப் பொருள்களை மனனம் செய்தோம். இடைநிலைப்பள்ளியில் அதே பட்டியலை மலாய்மொழியில் படித்தோம். அப்பொருள்கள் எந்த நிலையில் நாட்டை விட்டுச் சென்றன என்பது பேசப்பட்டது குறைவு. பல்கலைக்கழகத்தில் ஓர் இடுபணிக்காக நான் பஹ்ரைன் நாட்டின் வணிகத்தைப் படித்தபோது, அந்தக் கேள்விதான் முதன்மையானது என்று தோன்றியது. அதனைக் கிள்ளான் துறைமுகத்தோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில அடிப்படைச் சொற்கள்

வெளிநாட்டுப் பொருளை நம் பயன்பாட்டுக்காகக் கொண்டு வருவது இறக்குமதி. நம் நாட்டில் விளைந்ததை அல்லது செய்ததை வெளியே விற்பது ஏற்றுமதி. வெளியிலிருந்து வாங்கியதைப் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் வேறொரு நாட்டுக்கு விற்பது மறுஏற்றுமதி. ஒரு கப்பலில் வந்த கொள்கலன் நம் துறைமுகத்தில் இறங்கி, நாட்டுக்குள் நுழையாமலேயே வேறு கப்பலில் ஏறிச் சென்றால் அது கப்பல் மாற்றுச் சரக்கு.

இவற்றோடு மதிப்புக்கூட்டல் என்ற சொல்லையும் அறிதல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருவர் 100 வெள்ளிக்குக் காய்ந்த மிளகாயை இறக்குமதி செய்கிறார். அதனை வறுத்து, அரைத்து, பொட்டலமிட்டு 160 வெள்ளிக்கு விற்கிறார். இடையில் பிறந்த 60 வெள்ளிதான் கூட்டப்பட்ட மதிப்பு. தொழிலாளியின் சம்பளம், ஆலையின் வாடகை, முதலாளியின் இலாபம் ஆகிய யாவும் அந்த 60 வெள்ளியிலிருந்தே வரவேண்டும். மிளகாயை அப்படியே கைமாற்றி விட்டிருந்தால் 5 அல்லது 10 வெள்ளியே தங்கியிருக்கும்.

பஹ்ரைன்: முத்து முதல் அலுமினியம் வரை

பஹ்ரைன் பாரசீக வளைகுடாவிலுள்ள தீவு நாடு. அதன் பரப்பு ஏறத்தாழ 780 சதுர கிலோமீட்டர், அதாவது கோலாலம்பூரைப் போல் மூன்று மடங்கு. மக்கள்தொகை சுமார் 15 லட்சம். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டினர். வெளிநாட்டினருள் இந்தியரே பெரிய கூட்டம். பாலைநிலமாதலால் உணவுப் பொருளில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வந்தாக வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்நாட்டின் முதன்மை ஏற்றுமதி முத்து. கொற்கை முத்தால் புகழ்பெற்ற இனத்தாராகிய நமக்கு இச்செய்தி நெருக்கமானது. பஹ்ரைன் முத்துக்குப் பெரிய சந்தையாக இருந்தது பம்பாய். அத்தொடர்பு எவ்வளவு ஆழமானது என்றால், 1965இல் தினார் அறிமுகமாகும் வரை பஹ்ரைனில் புழங்கியது ரூபாயே. 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடா நாடுகளுக்கென்றே தனி ரூபாய்த் தாளை வெளியிட்டது.

முத்துக்குளித்தவர்களின் வாழ்வோ கடன் வாழ்வு. பருவம் தொடங்கும் முன்னரே படகுத் தலைவரிடம் முன்பணம் பெறுவர்; பல வேளைகளில் அக்கடன் தீராமல் மகன் தலையிலும் விழும். ஜப்பானியரின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தது. 1929இல் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. முத்து வணிகம் சரிந்தது. ஒரே பொருளை நம்பிய நாடு, அப்பொருள் விலை போகாதபோது என்ன ஆகும் என்பதற்கு இது தக்க சான்று.

1932இல் அங்கே எண்ணெய் கிடைத்தது. வளைகுடாவின் அரபுக் கரையில் முதலில் எண்ணெய் கண்ட நாடு பஹ்ரைன்தான். ஆனால், அதன் எண்ணெய் வளம் அண்டை நாடுகளோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. எனவே 1936இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலைக்கு 1945 முதல் சவூதி அரேபியாவிலிருந்து குழாய் வழியாகக் கச்சா எண்ணெய் வந்தது. இன்றும் அந்த ஆலையில் சுத்திகரிக்கப்படும் எண்ணெயில் பெரும்பகுதி சவூதியினுடையதே. வாங்கியது கச்சா எண்ணெய். விற்பது டீசல், விமான எரிபொருள் போன்றவை.

அடுத்தது அலுமினியம். 1971இல், நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், அல்பா என்னும் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. அலுமினியத்துக்கு மூலமான பாக்சைட் தாது பஹ்ரைனில் இல்லை. அலுமினா என்னும் வெண்தூள் கப்பலில் வருகிறது. உருக்குவதற்கு ஏராளமான மின்சாரம் தேவை. அதற்கு உள்நாட்டு இயற்கை எரிவாயு உதவுகிறது. 2019இல் ஆறாவது உற்பத்திப் பிரிவு முழுமையாக இயங்கத் தொடங்கிய பிறகு அதன் ஆற்றல் ஆண்டுக்கு 15 லட்சம் டன்னைத் தாண்டியது. உருக்கிய உலோகத்தைத் தகடாகவும் கம்பியாகவும் சட்டமாகவும் மாற்றும் ஆலைகள் அதே தீவில் எழுந்துள்ளன.

பஹ்ரைனின் எண்ணெய் சாராத இறக்குமதிப் பட்டியலையும் ஏற்றுமதிப் பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். இறக்குமதியில் இரும்புத் தாதும் அலுமினாவும் முன்னிற்கின்றன. ஏற்றுமதியில் உருண்டையாக்கப்பட்ட இரும்புத் தாதும் அலுமினியமும் முன்னிற்கின்றன. வந்த பொருளே உருமாறிப் போகிறது. இறக்குமதி அங்கே ஏற்றுமதிக்குத் தாயாக விளங்குகிறது எனலாம்.

கிள்ளான்: கப்பல்கள் சந்திக்கும் இடம்

இனி நம் வாசலுக்கு வருவோம். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகம் கொண்டு சேர்ப்பதே அதன் தலையாய பணி. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் அதன் பெயர் கிள்ளான் துறைமுகம் என மாறியது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் தமிழர் குடியிருப்பாக வளர்ந்ததற்கும் இரயில்வேயே பெருங்காரணம். இரயில்வே தொழிலாளர் குடியிருப்புகள் அங்கேதான் எழுந்தன.

2024இல் கிள்ளான் துறைமுகம் கையாண்ட சரக்கு, 20 அடிக் கொள்கலன் கணக்கில், 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். ஆனால், அதில் ஏறக்குறைய பாதி கப்பல் மாற்றுச் சரக்கு. எண்ணிக்கையைக் கண்டு பெருமை கொள்ளும் முன் இதனையும் கருத வேண்டும். அத்தகைய கொள்கலனால் துறைமுகக் கட்டணமும் பளுதூக்கி இயக்குபவரின் சம்பளமும் நமக்குக் கிடைக்கும். உள்ளிருக்கும் பொருளின்மேல் நம் கை படுவதில்லை.

பஹ்ரைனுக்கு வரும் கப்பல்கள் ஹோர்முஸ் நீரிணையைக் கடந்தே ஆகவேண்டும். கிள்ளானுக்கோ மலாக்கா நீரிணையே உயிர்நாடி. புவியியல் தந்த வரம் இரண்டுக்கும் உண்டு. அவ்வரத்தைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதே வேறுபாடு.

ரப்பர் சொல்லும் கதை

நம் சமூகத்தின் வரலாறு ஓர் ஏற்றுமதிப் பொருளோடு பிணைந்தது. ரப்பர் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் சீவிய பால் உறைந்து, தாளாகி, காய்ந்து, மூட்டையாகக் கப்பலேறியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது டயராக உருமாறியது. மதிப்பின் பெரும்பகுதி கூட்டப்பட்டது கடலுக்கு அப்பால்தான்.

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தது. தோட்டங்கள் கூலியைக் குறைத்தன; பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். பஹ்ரைனில் முத்துக்குளித்தோர் வேலையிழந்ததும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். ஒருவரையொருவர் அறியாத இரு தொழிலாளர் கூட்டங்களை ஒரே சந்தைச் சரிவு வீழ்த்தியது.

இன்றோ நிலை தலைகீழ். மலேசியா தான் உற்பத்தி செய்வதைவிட அதிகமான இயற்கை ரப்பரை இறக்குமதி செய்கிறது. தாய்லாந்திலிருந்து ரப்பர் பால் வருகிறது. அது கிள்ளான் வட்டாரத்து ஆலைகளிலும் பிற ஆலைகளிலும் கையுறையாகி உலகெங்கும் செல்கிறது. மூலப்பொருளை விற்ற நாடு அதனை வாங்கிச் செய்பொருளை விற்கும் நாடாகியது உண்மையான முன்னேற்றம்தான்.

எனினும், கதை அத்துடன் முடியவில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு நடப்பதாகக் கூறி, சில மலேசியக் கையுறை நிறுவனங்களின் பொருள்களுக்குத் தடை விதித்தது. அங்கே வேலை செய்தோருள் பலர் நேப்பாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து கடன்பட்டு வந்தவர்கள். பஹ்ரைனில் முத்துக்குளித்தவரின் முன்பணம், நம் பாட்டன்மாரின் கங்காணிக் கடன், இன்றைய தொழிலாளியின் முகவர் கட்டணம் ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் முறுக்குகள் அல்லவா?

வெங்காயமும் வணிகத் தெருவும்

நம்மவர் இன்று வணிகத்தில் எங்கே நிற்கின்றனர்? கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் துணிமணி, பாத்திரம், பூசைப் பொருள், மளிகை என இந்திய இறக்குமதிப் பொருள்கள் கடை கடையாக நிறைந்துள்ளன. இவ்வணிகம் பல குடும்பங்களை வாழவைக்கிறது; அதில் ஐயமில்லை. ஆனால், அது மிகவும் மெல்லிய நூலில் தொங்குகிறது.

2023 ஆகஸ்டில் இந்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி விதித்தது. அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஏற்றுமதியையே தடை செய்தது. 2024 மே 4ஆம் நாள்தான் அத்தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பொங்கலும் தைப்பூசமும் வந்து போயின. அப்போது கிள்ளானில் ஒரு மளிகைக்கடைக்காரரிடம் விலையேற்றம் பற்றிக் கேட்டேன். “தம்பி, விலைய நான் வைக்கல, டில்லியில வைக்கிறாங்க” என்றார். பொருளாதார நூல் ஒரு பக்கத்தில் விளக்குவதை அவர் ஒரே வரியில் விளக்கிவிட்டார்.

இதே வட்டாரத்தில் வேறு வகை வணிகமும் உண்டு. நம் சமையலறைகளில் இருக்கும் கறித்தூள் பொட்டலங்களை எடுத்துப் பாருங்கள். கொத்தமல்லி விதையும் சீரகமும் காய்ந்த மிளகாயும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. அரைத்ததும் கலந்ததும் பொட்டலமிட்டதும் இந்நாட்டில். மீன்கறிக்கு ஒரு கலவை, இறைச்சிக்கு ஒரு கலவை என்று பிரித்து அறிந்த நாக்கறிவு நம்முடையது. அளவில் சிறியதாயினும், இது பஹ்ரைன் அலுமினியத்தின் வழியே ஆகும். கைமாற்றி விற்பவருக்கும் உருமாற்றி விற்பவருக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கண்கூடாகக் காணலாம்.

முடிவுரை

2025 மே மாதம் ஆசியான், வளைகுடா ஒத்துழைப்பு மன்றம், சீனா ஆகியவற்றின் தலைவர்கள் கோலாலம்பூரில் கூடி வணிகம் பற்றிப் பேசினர். வளைகுடாவோடு நம் நாட்டின் தொடர்பு இனி மேலும் வளரும். அத்தகைய செய்திகளைப் படிக்கும்போது எத்தனை கோடி வெள்ளி என்பதோடு நின்றுவிடாமல் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இப்பொருள் எங்கிருந்து வந்தது? இங்கே அதன்மேல் என்ன வேலை நடந்தது? அவ்வேலையைச் செய்தவருக்கு என்ன கிடைத்தது?

முதல் கேள்விக்குச் சுங்கப் பத்திரம் விடை தரும். இரண்டாவதற்குத் தொழிற்சாலை விடை தரும். மூன்றாவது கேள்வியைக் கேட்க வேண்டிய கடமை நமக்கே மிகுதி. ஏனெனில், நம் முன்னோர் ஏற்றுமதிக் கணக்கில் பொருளாக அல்ல, செலவாக எழுதப்பட்டவர்கள். துறைமுக வாயிலுக்கு அரை மணிப் பயணத் தொலைவில் வாழும் நம் மாணவர்கள், சுங்க முகவர் பணி, சரக்குப் போக்குவரத்து, உணவுத் தொழில்நுட்பம் ஆகிய துறைகளைத் துணிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கடை வைத்திருக்கும் பெற்றோர் ஓர் அரைக்கும் இயந்திரத்தைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். பாக்சைட் இல்லாத தீவு அலுமினியம் விற்கிறதென்றால், கொத்தமல்லி விளையாத கிள்ளானிலும் செய்வதற்கு நிறைய இருக்கிறது.