சென்னையில் வீடு தேடுகிறீர்களா?

ஓ.எம்.ஆர். அடுக்ககங்களோடு நிற்காமல் பெரம்பூர், வில்லிவாக்கம், அயனாவரம் பக்கமும் தேடுங்கள். முதல் இரண்டிலும் புறநகர் ரயில் நிற்கும். லிஃப்ட் இல்லாத பழைய மாடி வீடுகளில் வாடகை குறையும்.

தண்ணீரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். மெட்ரோ வாட்டர் ஒழுங்காக வருகிறதா, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரிக்கு யார் பணம் தருவது? இதையெல்லாம் வீட்டுக்காரரைவிடப் பக்கத்துக் குடித்தனக்காரரிடம் கேளுங்கள், உண்மை வரும். தரைத்தளச் சுவரில் வெள்ளக்கறை தெரிந்தால் அந்த வீடு வேண்டவே வேண்டாம். தனி மின் மீட்டர் அவசியம். இல்லாவிட்டால் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை.

அட்வான்ஸாகப் பத்து மாத வாடகை கேட்டால் தயங்காமல் பேசுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி 3 மாத வாடகைதான் உச்சவரம்பு.