கணிப்பொறியின் பின்புற இணைப்புகள்: ஓர் அறிமுகம்

வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டி போன்ற சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர் சிலர், மேசைக் கணிப்பொறியின் பின்புறத்தைக் கண்டு அஞ்சுவதை நாம் காண்கிறோம். அச்சம் வேண்டுவதில்லை. நிலைமொழியோடு வருமொழி விதிப்படி புணர்வதுபோல, ஒவ்வொரு செருகிக்கும் உரிய இடம் ஒன்றுண்டு.

முதற்கண் வடிவத்தை நோக்குக. மூன்று வரிசைகளில் 15 துளைகள் உடையது திரைக்குரிய விஜிஏ. தட்டையான நீள்சதுரத் துளை யுஎஸ்பி. தொலைபேசித் துளையினும் சற்று அகன்று, 8 தொடுமுனைகள் கொண்டது வலையமைப்புக்குரியது.

வடிவம் ஒத்திருப்பின் நிறத்தை நோக்குக. பழைய கணிப்பொறிகளில் விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் ஒரே வடிவிலான வட்டத் துளைகளே இருந்தன. பிசி 99 நெறிமுறை முன்னதற்கு ஊதாவையும் பின்னதற்குப் பச்சையையும் வகுத்தது. ஒலிவாங்கிக்கு உரியது இளஞ்சிவப்பு.

பொருந்தாததை அழுத்தலாகாது. நாம் ஒருமுறை அவசரத்தில் அழுத்த, செருகியின் ஊசிமுனை வளைந்து, அன்றைய வகுப்பே நின்றுபோயிற்று. நோக்குக, எண்ணுக, பின்னர்ப் பொருத்துக.