போனவர்களும் வந்தவர்களும்

வேதபாடம்: அப். 6:1-7

பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போயாச்சு. சபையில் வயசானவங்கதான் மிச்சம் என்று கலங்குகிறோம். மயிலாடி சபை பிறந்ததே வெளியூர் போன ஒருவரால்தான். வேதமாணிக்கம் தஞ்சாவூரில் கேட்ட சுவிசேஷத்தை ஊருக்குக் கொண்டுவந்தார். 1806-ல் ரிங்கல்தௌபே ஐயர் வந்தார். 1809-ல் ஆலயம் எழும்பியது.

எருசலேமில் கிரேக்கு பேசின விதவைகள் விசாரிப்பில் விடுபட்டார்கள். அப்போஸ்தலர் ஏழுபேரை ஏற்படுத்தினார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள்! அதன்பின் சீஷர் பெருகினார்கள்.

நாம் செய்யவேண்டியது:
1. தனியாயிருக்கும் தாய்மாரை வாரந்தோறும் வீட்டில் போய்ப் பாருங்கள்.
2. வெளியூர்ப் பிள்ளைகளோடு போனில் ஜெபியுங்கள்.
3. வேலைக்கு வந்த ஹிந்தி, ஒடியா பேசும் வாலிபரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பொறுப்பும் கொடுங்கள்.

உங்கள் சபையில் விடுபட்டவர் யார்? ஞாயிறுக்குள் போய்ப் பாருங்கள்.